ஊர் ரெண்டுபட்ட 51 நிமிடங்கள்

1991-ல் டோக்கியோவில் நடந்த அறுவர் மல்யுத்தம் பற்றி ரசிகர்களின் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. 'முடிவை முன்பே எழுதிவைத்த சண்டை'யின் மீது இவ்வளவு பிடிவாதம் ஏன்? அந்தப் பிடிவாதத்துக்குப் பயில்வான்கள் கொடுத்த விலை என்ன?

டோக்கியோவின் சுய்தோபாஷி ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போனால் கோராக்குவென் ஹால் வந்துவிடும். 1962-ல் திறக்கப்பட்ட இந்த அரங்கம் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. நெருக்கியடித்து உட்கார்ந்தால் சுமார் இரண்டாயிரம் பேருக்கு இடம். குத்துச்சண்டைக்கும் மல்யுத்தத்துக்கும் ஜப்பானில் இதைவிடப் புனிதமான இடம் கிடையாது. லிஃப்டைத் தவிர்த்துவிட்டுப் படியேறுகிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. படிக்கட்டுச் சுவர் முழுக்க ரசிகர்களின் கிறுக்கல்கள். அபிமானப் பயில்வானுக்கு வாழ்த்து, பிடிக்காதவருக்கு வசவு. சுத்தத்துக்குப் பேர்போன தேசத்தில் இந்தச் சுவர் மட்டும் விதிவிலக்கு.

அந்த அரங்கில் 1991 ஏப்ரல் 20 அன்று ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் மூன்று பேர் என்று ஆறு பயில்வான்கள் ரிங்கில் ஏறினார்கள். ஆல் ஜப்பான் புரோ ரெஸ்லிங் என்ற கம்பெனியின் ஆட்டம் அது. ஒரு அணியில் ஜம்போ ட்சுருடா, அகிரா டாவுவே, மசனோபு ஃபூச்சி. எதிரணியில் மிட்சுஹாரு மிசாவா, தோஷியாகி கவாடா, கென்டா கோபாஷி. பட்டம் எதுவும் பணயமாக வைக்கப்படவில்லை. வழக்கமாக அரை மணி நேரத்தில் முடிகிற சமாசாரம். ஆனால் மணி அடித்து ஓய்ந்தபோது 51 நிமிடங்கள் கடந்திருந்தன.

யார் ஜெயித்தார்கள் என்பதில் தகராறு இல்லை; அது பதிவேட்டில் இருக்கிறது. தகராறெல்லாம் வேறு விஷயத்தில். ஜப்பானின் மல்யுத்த வரலாற்றில் தலைசிறந்த கூட்டணி ஆட்டம் இதுதானா? அல்லது இதே ஆறு பேர் இதற்கு ஆறு மாதம் முன்பு ஆடியதா? அல்லது ஓராண்டுக்குப் பின் ஆடியதா? 51 நிமிடம் என்பது காவியமா, இழுவையா? மூன்று தசாப்தங்களாக, டோக்கியோ டீக்கடைகளிலும் அமெரிக்க வீடியோ ரசிகர்களின் வீட்டு அறைகளிலும் ஊர் ரெண்டுபட்டுத்தான் கிடக்கிறது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகளின் கதை அத்தனை கொண்டாட்டமாக முடியவில்லை.

நெருக்கடியில் பிறந்த அணிகள்

ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தம் வேரூன்றியதே ஒரு கூட்டணி ஆட்டத்தால்தான். 1954 பிப்ரவரியில், முன்னாள் சுமோ வீரரான ரிக்கிடோசானும் ஜூடோ மேதை மசாஹிகோ கிமூராவும் சேர்ந்து அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரர்களை எதிர்கொண்டார்கள். டி.வி. அப்போதுதான் ஜப்பானுக்கு வந்திருந்தது. தெருமுனைகளில் வைக்கப்பட்ட டி.வி. பெட்டிகளின் முன்னால் ஜனங்கள் திரண்டார்கள். போரில் தோற்று, அமெரிக்க ராணுவத்தின் நிர்வாகத்திலிருந்து விடுபட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த தேசம் அது. ஆஜானுபாகுவான வெள்ளையர்களைத் தம்மவர் ஒருவர் அடித்து வீழ்த்துவதைப் பார்த்து அழுதது. அந்தத் தம்மவர் கொரியாவில் பிறந்தவர் என்பது பலருக்கும் அப்போது தெரியாது.

ரிக்கிடோசான் 1963-ல் கத்திக்குத்துக்குப் பலியானார். அவருடைய இரண்டு சீடர்கள் 1972-ல் தனித்தனிக் கடை விரித்தார்கள். அன்டோனியோ இனோக்கி தொடங்கியது நியூ ஜப்பான். முன்னாள் பேஸ்பால் வீரர் ஜயன்ட் பாபா தொடங்கியது ஆல் ஜப்பான். அதே ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்ஸில் ஜப்பானுக்காக மல்யுத்தம் செய்துவிட்டு வந்த இளைஞர் ஒருவரைப் பாபா சேர்த்துக்கொண்டார். அவர்தான் ட்சுருடா. அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் அவர் ஆல் ஜப்பானின் தூணாக வளர்ந்தார்.

1990 வசந்தத்தில் இடி விழுந்தது. ட்சுருடாவின் சம எதிரியாக வளர்ந்திருந்த கெனிச்சிரோ டென்ரியூ கம்பெனியை விட்டு விலகினார். மூக்குக் கண்ணாடிக் கடைகள் நடத்திய ஒரு நிறுவனம் பணத்தைக் கொட்டி ஆரம்பித்த எஸ்.டபிள்யூ.எஸ். என்ற புதுக் கம்பெனிக்கு அவர் போக, பின்னாலேயே பலரும் போனார்கள். பாபாவிடம் மிஞ்சியவர்கள் ட்சுருடா, சில மூத்தவர்கள், இன்னும் பெயர் வாங்காத சில இளைஞர்கள். ஆல் ஜப்பான் மூழ்கிவிடும் என்றே பத்திரிகைகள் கணித்தன.

அப்போது அந்த இளைஞர்களில் ஒருவர் முகமூடியைக் கழற்றி எறிந்தார். 1984 முதல் 'டைகர் மாஸ்க்' என்ற புலி முகமூடிக்குள் ஒளிந்திருந்த மிசாவா, 1990 மே 14 அன்று ஆட்டத்தின் நடுவிலேயே அதை விட்டொழித்தார். அரங்கம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஜூன் 8 அன்று புடோகான் அரங்கில் அவர் ட்சுருடாவைச் சாய்த்தார். அன்று வாசலில் மிசாவாவின் பொருட்களை வாங்க ரசிகர்கள் மொய்த்ததையும், அவர் பெயரைச் சொல்லி எழுந்த கோஷத்தையும் கவனித்த பிறகுதான் முடிவு என்னவென்று பாபா தீர்மானித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கதையில் எவ்வளவு உண்மை என்பது பாபாவுக்கே வெளிச்சம். ஆனால் ஜப்பான் ரசிகர்கள் அதை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தங்கள் குரல் ஒரு முடிவை மாற்றியது என்று அவர்கள் நம்புகிறார்கள்.

மூன்று மாதத்தில், செப்டம்பர் 1 அன்று, ட்சுருடா பழிதீர்த்தார். மிசாவாவை ஒரே ஆண்டில் சிகரத்தில் ஏற்றிவிட்டால் மறு ஆண்டுக்கு என்ன மிஞ்சும்? பெரிய தனி ஆட்டங்களைச் சேமிக்க வேண்டும். அதே சமயம் வாரம் தவறாமல் ஊர் ஊராக அரங்கை நிரப்ப வேண்டும். பாபா கண்ட வழி அறுவர் ஆட்டம். மிசாவா தலைமையில் இளைஞர் படை. ட்சுருடா தலைமையில் மூத்தோர் படை. ஆள் பஞ்சத்தில் உதித்த ஏற்பாடு அது.

கூட்டுக் குடும்பச் சண்டை

விதி எளிமையானது. ஒரு நேரத்தில் அணிக்கு ஒருவர்தான் ரிங்குக்குள். மற்ற இருவர் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் வந்து கையைத் தொட்டால்தான் அடுத்தவர் நுழையலாம். எதிரியின் இரு தோள்களையும் தரையில் அழுத்தி நடுவர் மூன்று எண்ணும் வரை வைத்திருந்தால் வெற்றி. ஆனால் இரண்டு எண்ணி முடிக்கும் கணத்தில் கூட்டாளி ஓடிவந்து உதைத்துக் கலைத்துவிடலாம். நடுவர் கண்டும் காணாமல் இருப்பார். நாடகமெல்லாம் அந்தக் கண நேரத்தில்தான்.

தனி ஆட்டத்தில் ஒரே ஒரு பகை. ஆறு பேர் ஆட்டத்தில் ஒன்பது பகைகள். ஏப்ரல் 1991-ல் அந்த ஒன்பதும் கொதிநிலையில் இருந்தன. நாற்பது வயது ட்சுருடாவுக்கும் 28 வயது மிசாவாவுக்கும் அரியணைப் போட்டி. ரிங் ஓரத்தில் சும்மா நிற்கும் ட்சுருடாவை மிசாவா போகிற போக்கில் முழங்கையால் இடித்துக் கீழே தள்ளுவார். பெரியவர் கோபத்தில் சிவந்து ஆட்ட ஒழுங்கையே மறந்து உள்ளே பாய்வார். மரியாதை முதன்மையான ஒரு சமூகத்தில் இந்தச் சின்ன இடிக்கு எவ்வளவு அர்த்தம் என்பதை அரங்கத்தின் கூச்சல் சொல்லிவிடும்.

கவாடாவுக்கும் முன்னாள் சுமோ வீரர் டாவுவேவுக்கும் இடையில் நடந்தது வேறு மாதிரி. இருவரும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தவர்கள். இரண்டாம் இடம் யாருக்கு என்பதே கேள்வி. கன்னத்தில் அறைந்து கொள்வதில் தொடங்கி, நடுவரையும் கூட்டாளிகளையும் பொருட்படுத்தாமல் ரிங்குக்கு வெளியே உருளுவார்கள். இந்தப் பகையை ரசிகர்கள் நெஞ்சாரக் கொண்டாடினார்கள். 1993-ல் கவாடா மிசாவாவை விட்டுப் பிரிந்து, சேர்ந்துகொண்டது வேறு யாரோடும் அல்ல, இதே டாவுவேவோடு. முந்தைய மூன்றாண்டு அறுவர் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அந்தத் திருப்பத்தின் முழு ருசி தெரிந்தது.

கடைக்குட்டி 24 வயது கோபாஷி. அறிமுகமானதிலிருந்து 63 ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தோற்றவர் என்பது அவருடைய புகழ்பெற்ற விலாசம். மூத்தோர் அணி எப்போதும் கடைக்குட்டியைத்தான் குறிவைக்கும். தங்கள் மூலைக்கு இழுத்துப்போய் ஆளாளுக்கு மாறி மாறி நையப்புடைக்கும். அவர் தவழ்ந்து தவழ்ந்து தன் அணியின் மூலைக்கு வந்து கை நீட்டுவார். இரண்டு அங்குலம் எட்டாது. காலைப் பிடித்து மீண்டும் இழுத்துவிடுவார்கள். இதில் சூத்திரதாரி ஃபூச்சி. வயது 37. நல்ல உடம்பு என்றோ அழகு என்றோ சொல்ல முடியாது. ஆனால் எதிரியின் முழங்கால் வலிக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதை விடவே மாட்டார். ரசிகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அந்தத் திட்டுதான் அவருக்குப் பாராட்டு.

கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எந்த இந்தியருக்கும் இந்த அமைப்பு விளங்கும். பெரியப்பாவை எதிர்க்கும் மூத்த மகன், ஒருவரையொருவர் முறைக்கும் இரண்டு நடுப் பிள்ளைகள், எல்லோரிடமும் அடி வாங்கும் சின்னவன், கணக்குத் தீர்க்கக் காத்திருக்கும் சித்தப்பா. சண்டை ஒன்றுதான், அவரவருக்கு அவரவர் காரணம்.

மூன்று கட்சிகள்

இதே ஆறு பேர் இதே அணிகளாக மோதிய ஆட்டங்களில் மூன்று மட்டும் தனியாகப் பேசப்படுகின்றன. 1990 அக்டோபர் 19, யோகோஹாமா. 1991 ஏப்ரல் 20, கோராக்குவென். 1992 மே 22, மீண்டும் கோராக்குவென். மூன்றுக்கும் அமெரிக்க மல்யுத்தப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் தன் செய்திமடலில் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் வழங்கினார். மூன்றுக்கும் தனித்தனிக் கட்சி உண்டு.

யோகோஹாமா கட்சியினரின் வாதம்: பகை புதிதாக இருந்தபோதுதான் சூடு அதிகம். மிசாவாவுக்கு அப்போது தன் இடம் உறுதியாகவில்லை. ட்சுருடா உண்மையிலேயே எரிச்சலில் இருப்பது போலத் தோன்றியது. ஆட்டமும் சுருக்கம். கோபத்தை 51 நிமிடம் நீட்ட முடியுமா, நீட்டினால் அது கோபமா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இரண்டாவது கட்சி 1991-ஐ விட்டுக்கொடுப்பதில்லை. நீளம்தான் அதன் பெருமை என்பது அவர்கள் கருத்து. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு களைப்பை யாராலும் நடிக்க முடியாது. கால்கள் தள்ளாடுகின்றன, அடி தாமதமாக விழுகிறது, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் கூட்டாளி விழுந்தடித்துக்கொண்டு வந்து கலைக்கிறார். நடிப்புக்கும் நிஜத்துக்கும் இடையிலுள்ள கோடு அழிந்துபோகும் அந்த இடத்துக்காகத்தான் மல்யுத்தம் பார்க்கிறோம் என்கிறது இந்தக் கட்சி. எதிர்க்கட்சியின் பதில்: முதல் இருபது நிமிடத்தில் கண்ணயர்ந்து எழுந்தாலும் எதுவும் குறையாது.

மூன்றாவது கட்சி 1992-ன் ஆட்டத்தைச் சொல்கிறது. இரண்டாண்டுகள் ஆடி ஆடி, ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட கட்டம். பயில்வான்களும் அதை வைத்தே விளையாடினார்கள். ரசிகர் எதிர்பார்ப்பதைக் கடைசி நொடியில் தரமாட்டார்கள். பழைய ஆட்டங்களைப் பார்க்காதவருக்கு இது சாதாரணம். பார்த்தவருக்கு ஒவ்வொரு அசைவும் மேற்கோள். கட்சியின் பலமும் பலவீனமும் அதுதான்.

இந்த மூன்றையும் தூக்கியெறியும் நான்காவது குரலும் உண்டு. வடக்கே மொரியோகா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு கிரேட் சாசுகே 1993-ல் தொடங்கிய மிச்சினோக்கு புரோ, ஜப்பானின் முதல் வட்டார மல்யுத்தக் கம்பெனி. அது 1996 அக்டோபர் 10 அன்று டோக்கியோவின் சுமோ கோட்டையான ரியோகோகு அரங்கில் அணிக்கு ஐவராகப் பத்துப் பேர் மோதும் ஆட்டம் ஒன்றை நடத்தியது. மெக்ஸிகோ பாணியின் வேகம், சின்ன உடம்புகள், கயிற்றிலிருந்து வெளியே பாயும் பாய்ச்சல்கள், நடுநடுவே நையாண்டி. ஆல் ஜப்பானின் கனத்த சோகம் சலித்தவர்களுக்கு இது திருவிழா. மறு ஆண்டு ஏப்ரலில் இந்தக் கோஷ்டியின் ஆறு பேர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆடி அங்குள்ள ரசிகர்களையும் வாய்பிளக்க வைத்தார்கள். 2006-ல் டிராகன் கேட் கம்பெனியைச் சேர்ந்த ஆறு பேர் சிகாகோ புறநகரில் ஆடிய ஆட்டமும் மெல்ட்சரின் ஐந்து நட்சத்திரப் பட்டியலில் ஏறியது. வேகம்தான் எதிர்காலம் என்று சொன்னவர்கள் தோற்கவில்லை. நியூ ஜப்பான் 2016 ஜனவரியில் அறுவர் ஆட்டத்துக்கென்றே தனிப் பட்டம் உருவாக்கியது. ஆனால் இந்தத் தலைமுறையிலும் 'கதை எங்கே' என்று கேட்கும் பழைய ரசிகர்கள் விரலை நீட்டிக் காட்டுவது 1991-ஐத்தான்.

தெரிந்த முடிவு

இந்திய வாசகருக்கு உடனே தோன்றும் கேள்வி: எல்லாம் முன்பே பேசிவைத்துக்கொண்டு போடும் சண்டைதானே? 1990-களில் கேபிள் டி.வி. வழியாக அமெரிக்க டபிள்யூ.டபிள்யூ.எஃப். நம் வீடுகளுக்குள் வந்தபோது, பயில்வான்களின் படம் போட்ட ட்ரம்ப் கார்டுகளைப் பிள்ளைகள் சேகரித்தபோது, பெரியவர்கள் சொன்னதும் அதுதான்.

ஜப்பான் ரசிகர்களுக்கு அது தெரியாத ரகசியம் அல்ல. ஆனால் தெரிந்திருப்பதால் ரசனை குறைவதில்லை. நம் ஊரில் பதினெட்டாம் போர் தெருக்கூத்து பார்க்க வருகிற எவருக்குத் துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாவான் என்பது தெரியாது? தெரிந்துதான் விடிய விடிய உட்காருகிறார்கள். போன வருஷத்துத் துரியோதனன் எப்படி ஆடினான், இந்த வருஷத்தவன் எப்படி என்று மறுநாள் தர்க்கம் செய்கிறார்கள். முடிவு அல்ல, முடிவை நோக்கிப் போகும் விதம்தான் விவாதப் பொருள். அறுவர் ஆட்ட ரசிகர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

இந்தியாவுக்கும் இந்த உலகத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1955 நவம்பரில் ஜப்பானில் ஆசியக் கூட்டணிப் பட்டம் முதன்முதலாக அறிவிக்கப்பட்டபோது அதை வென்ற ஜோடியில் ஒருவர் இந்தியரான டைகர் ஜோகிந்தர் சிங். இன்னொருவர் கிங் காங். அந்தப் பட்டம் பின்னர் ஆல் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது. 1992 மே மாதத்தில் அதை வென்ற ஜோடியில் ஒருவர் கோபாஷி. 1970-களில் இனோக்கியின் பரம எதிரியாக வாளை வாயில் கவ்வியபடி வந்து ஜப்பானியக் குழந்தைகளை அலறவைத்த டைகர் ஜீத் சிங், பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறியவர்.

கால் தட்டும் ஓசை

அமெரிக்க ரசிகர் ஆட்டம் முழுக்கக் கத்துவார். ஜப்பான் ரசிகர் முதலில் கவனிப்பார். பிடி விழும்போது மெல்லிய முணுமுணுப்பு. பிடி இறுகும்போது கைதட்டல். பயில்வான் எழ முயலும்போது பெயர் சொல்லி அழைப்பு. அறிமுகத்தின்போது ரிங் முழுக்க வண்ணக் காகித நாடாக்கள் பறக்கும். ட்சுருடா கையை உயர்த்தி 'ஓ!' என்றால் அரங்கம் மொத்தமும் 'ஓ!' என்று திருப்பிச் சொல்லும். ஆட்டம் உச்சத்தை நெருங்கும்போது எல்லோரும் ஒரே தாளத்தில் காலால் தரையைத் தட்டுவார்கள். கோராக்குவென் மாதிரிச் சின்ன அரங்கில் அந்த அதிர்வு நாற்காலி வழியாக முதுகுத்தண்டில் ஏறும்.

அரங்குக்கு வெளியேயும் அவர்களுக்கு மேடை இருந்தது. 1983 முதல் வாரந்தோறும் வந்த 'ஷூக்கான் புரோரெஸு' போன்ற பத்திரிகைகள் ஆட்டத்தைப் பக்கம் பக்கமாக அலசின. வாசகர் கடிதங்களை வெளியிட்டன. சிறந்த ஆட்டத்துக்கு வாசகர் வாக்கெடுப்பும் நடத்தின. டி.வி.யில் ஆல் ஜப்பானின் நிகழ்ச்சி பின்னிரவுக்குத் தள்ளப்பட்டிருந்ததால் பத்திரிகைகளின் செல்வாக்கு இன்னும் கூடியது. வெளிநாட்டு ரசிகர்களுக்கோ வீடியோ கேசட்தான் கதி. பிரதிக்குப் பிரதி எடுத்து மங்கிப்போன படம், ஒரு வார்த்தைகூடப் புரியாத ஜப்பானிய வர்ணனை. தபாலில் வந்த அந்தக் கேசட்டுகளைப் பார்த்துத்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு தலைமுறை இந்த ஆறு பேரின் பெயரை மனப்பாடம் செய்தது.

பாபா இந்த ரசிகரை மதித்தார். இருவரும் ரிங்குக்கு வெளியே விழுந்து 'முடிவில்லை' என்று அறிவிக்கும் பழைய தந்திரத்தால் ஜனங்கள் எரிச்சலடைந்திருந்தது அவருக்குத் தெரியும். முக்கிய ஆட்டங்கள் தெளிவாக ஒருவர் தோற்று முடிய வேண்டும் என்பதை 1990-களின் கொள்கையாக்கினார். காசுக்கேற்ற பண்டம் என்ற நம்பிக்கை பிறந்தது. டோக்கியோவில் டிக்கெட்டுகள் தீர்ந்துபோயின. கண்ணாடிக் கடைப் பணத்தில் எழுந்த எஸ்.டபிள்யூ.எஸ். 1992-லேயே மூடப்பட்டது.

ரசிகரின் குரல் எவ்வளவு முக்கியம் என்பதை 2020-ல் வந்த கொரோனா நிரூபித்தது. முதலில் காலி அரங்கில் ஆடினார்கள். பிறகு ரசிகர்களை அனுமதித்தார்கள். ஆனால் கத்தக் கூடாது, கைதட்ட மட்டும் செய்யலாம். ஆட்டம் அதேதான், உயிர் பாதிதான் இருந்தது. 2022-ன் பிற்பகுதியில் தடை மெல்லத் தளர்ந்து மீண்டும் பெயர் சொல்லி அழைக்கும் ஓசை எழுந்தபோது பல பயில்வான்கள் கண்கலங்கினார்கள்.

விலை

ஆனால் அந்தக் குரலுக்கு இன்னொரு முகமும் உண்டு. நேற்று மூன்று எண்ணிக்கைக்குப் போதுமாக இருந்த அடி, இன்று இரண்டோடு நின்றால்தான் ரசிகர் துள்ளுகிறார். அப்படியானால் நாளைக்கு இதைவிடக் கடுமையான அடி வேண்டும். 1991 ஜனவரியில் மிசாவா, டாவுவேயின் கைகளைப் பூட்டித் தலைகுப்புற இறக்கிய ஒரு பிடிக்கு அந்த ஆண்டின் பெயரையே சூட்டினார்கள்: 'டைகர் டிரைவர் 91'. கைகள் கட்டுண்டிருப்பதால் விழுபவரால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. முதலில் அபூர்வமாக வந்தது, 1990-களின் நடுவில் பழக்கமானது. மிசாவா, கவாடா, கோபாஷி, டாவுவே நால்வரையும் 'நான்கு தூண்கள்' என்று அழைத்தார்கள். தூண்களின் கழுத்தும் முழங்காலும்தான் கூரையைத் தாங்கின.

ட்சுருடாவை வீழ்த்தியது ரிங் அல்ல, கல்லீரல் நோய். 1992-ன் இறுதியில் முதல் வரிசையிலிருந்து விலகிய அவர், 1999-ல் ஓய்வு பெற்றார். 2000 மே 13 அன்று பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையின்போது இறந்தார். வயது 49. பாபா அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் காலமாகியிருந்தார். 2000 கோடையில் மிசாவா கம்பெனியை விட்டு வெளியேறி 'நோவா'வைத் தொடங்கினார். ஏறக்குறைய எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். கப்பலில் மிஞ்சிய ஜப்பானியப் பயில்வான்கள் இருவர்தான்: கவாடாவும் ஃபூச்சியும். 1991-ல் எதிரெதிர் மூலையில் நின்றவர்கள்.

2009 ஜூன் 13. ஹிரோஷிமாவில் ஒரு கூட்டணி ஆட்டம். எதிராளி பின்புறமாகத் தூக்கி எறிந்தார். மிசாவா ஆயிரக்கணக்கான முறை வாங்கிப் பழகிய சாதாரண அடி அது. இம்முறை அவர் எழவில்லை. கழுத்துத் தண்டுவடத்தில் காயம். அன்றிரவே மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. ஐந்து நாள் கழித்து அவருக்கு 47 வயது நிறைந்திருக்கும். டோக்கியோவில் நடந்த அஞ்சலிக்கு இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் வரிசையில் நின்றார்கள். ரிங்கில் கடைசியாக அவரைத் தூக்கியெறிந்த பயில்வான் மீது ரசிகர்கள் பெருமளவில் பழி போடவில்லை. பல ஆண்டுகளின் சேதம் ஒரு நாளில் கணக்குத் தீர்த்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதன் பிறகு பழைய ஆட்டங்களைப் பற்றிய பேச்சின் தொனியே மாறியது. தலைகுப்புற விழும் காட்சிக்குக் கைதட்டியவர்கள், 'நாம் கேட்டோம், அவர் கொடுத்தார்' என்று சொல்லத் தொடங்கினார்கள். மறுப்பவர்களும் இருக்கிறார்கள்: மிசாவா வளர்ந்த மனிதர், தன் தொழிலின் ஆபத்தை அறிந்தவர், கம்பெனியின் தலைவரே அவர்தான், ஓய்வெடுக்க யாரும் தடுக்கவில்லை. இதற்கும் பதில் உண்டு. தலைவர் ரிங்கில் ஏறாவிட்டால் டிக்கெட் விற்காது. ரசிகர்களின் விசுவாசமே அவரை இறங்கவிடாமல் பிடித்துவைத்தது.

1991-ன் அறுவர் ஆட்டத்துக்கு இப்போது கூடியிருக்கும் மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம். அதில் முழங்கை இருக்கிறது, உதை இருக்கிறது, முறுக்கிய முழங்கால் இருக்கிறது. ஆனால் அரங்கத்தை எழுந்து நிற்கவைப்பது கழுத்து முறியும் அபாயம் அல்ல. யார் யாரை முறைக்கிறார்கள், யார் யாரைக் காப்பாற்ற ஓடுகிறார்கள் என்பதே. அபாயத்தைக் கூட்டாமல் 51 நிமிடம் ஜனங்களைக் கட்டிப்போட முடியும் என்பதற்கு அது சாட்சியம். இளம் பயில்வான்களுக்குப் பாடமாக எந்த ஆட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற கேள்வி எழும்போது, ரசிகர்களில் பலர் தனி ஆட்டங்களை விட்டுவிட்டு இதைச் சொல்வது அதனால்தான்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? கோபாஷி சிறுநீரகப் புற்றுநோயை வென்று 2007-ல் திரும்பி வந்து, 2013 மே மாதம் புடோகானில் விடைபெற்றார். டாவுவே மிசாவாவுக்குப் பின் நோவாவின் தலைவரானார். அவரும் 2013-ல் ஓய்வு பெற்றார். கவாடா ஓய்வை முறைப்படி அறிவிக்காமலே ரிங்கை விட்டு விலகி, 2010-ல் டோக்கியோவில் நூடுல்ஸ் கடை திறந்தார். எல்லோரையும்விட மூத்து, எல்லோரிடமும் திட்டு வாங்கிய ஃபூச்சிதான் அறுபது வயதைத் தாண்டிய பிறகும் ஆல் ஜப்பானின் ரிங்கில் ஏறிக்கொண்டிருந்தார். அன்று அவரைத் திட்டியவர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மூன்று கட்சிகளும் இன்னும் சமரசத்துக்கு வரவில்லை, வரவும் போவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கட்சி பேதம் மறைந்துவிட்டது. இன்றைய ஆட்டத்தில் ஒருவர் தலைகுப்புற விழுந்து அசையாமல் கிடந்தால், அரங்கம் முன்போலக் கூச்சலிடுவதில்லை. ஒரு கணம் அமைதியாகிறது. விழுந்தவர் கையை ஊன்றி எழுந்த பிறகுதான் கால் தட்டும் ஓசை மீண்டும் தொடங்குகிறது.